கடனாளிகளுக்கு நாங்கள்

பிப்ரவரி 18, 2026, புதன்

சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டன.

தை மாத உறைபனியில் கருகின தேயிலைச் செடிகள் இன்னும் துளிர்க்கவில்லை. நீலகிரி மலையில், கேத்தியில் எங்கள் தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, மேட்டில் நிற்காமல் இறங்கி வந்து பள்ளத்தில் தேங்கிவிடும். மேல்வரிசை பச்சையாக நிற்க, பத்தடி கீழே கொழுந்தெல்லாம் வெந்த கீரை மாதிரி துவண்டு, வெயில் ஏறினதும் காப்பித்தூள் நிறமாகிவிட்டது. இன்று ஒரு கொழுந்தைக் கிள்ளி நசுக்கிப் பார்த்தேன். விரலில் ஈரமே ஒட்டவில்லை.

இலை இல்லையென்றால் காசு இல்லை. காசு இல்லாதபோதுதான் கீழ்வீட்டு அக்கா ஞாபகத்துக்கு வருகிறார். மகள் காலேஜ் பீஸுக்கென்று போன ஜூன் மாதம் 8,000 ரூபாய் வாங்கினார். தீபாவளிக்கு முன் ஒருதரம் கேட்டேன், கொஞ்சம் கடுமையாகவே. அதிலிருந்து பேச்சில்லை.

சாயங்கால ஆராதனையில் இயேசு கற்பித்த கர்த்தருடைய ஜெபம். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. சபை சொல்லிக்கொண்டே போய்விட்டது.

பிப்ரவரி 20, வெள்ளி

அக்கா கத்தோலிக்கர். அவர்கள் ஜெபத்தில் அந்த இடத்தில் "எங்கள் குற்றங்களை மன்னியும்" என்று வரும். புராட்டஸ்டண்டுகளான எங்களுக்கோ கடன் என்ற சொல்லே. மத்தேயுவின் கிரேக்க மூலத்திலும் கடன் என்கிற சொல்தான். குற்றம் என்றால் எப்படியாவது சுற்றிப் போய்விடுவேன். கடன் என்றால் தொகை எழுதின நோட்டு கண்ணில் நிற்கிறது.

ராத்திரி மத்தேயு 18 வாசித்தேன். ராஜா தன் கடனை மன்னித்த பின்பும், தன்னிடம் கடன்பட்டவனை மன்னிக்காத ஊழியக்காரனின் உவமை. அந்த ஊழியக்காரன் ராஜாவுக்குப் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. உடன் ஊழியக்காரன் இவனுக்குத் தரவேண்டியது நூறு வெள்ளிப்பணம். அந்த நூறை அற்பக் காசு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆனால் ஒரு வெள்ளிப்பணம் அந்நாளில் ஒரு நாள் கூலி. அப்படியானால் நூறு நாள் உழைப்பு! ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி, எத்தனை தலைமுறை உழைத்தாலும் தீராது.

இயேசு என் நஷ்டத்தைச் சின்னது என்று சொல்லவில்லை. இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இலை பறிக்கப் போனால் எனக்கு ஒரு நாளைக்கு 400 ரூபாய், 8,000 என்பது இருபது நாள். முதுகு வலித்த இருபது நாள். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் மன்னி என்கிறார்.

அப்பா ஞாபகம் வந்தது. தோட்டத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் சிலோனும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தின்படி சிலோனிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா இறந்தபோது மளிகைக் கடை நோட்டில் எங்கள் பேரில் பாக்கி இருந்தது. கடைக்காரர் துக்கத்துக்கு வந்தார், அம்மா கையில் ஒரு பை அரிசியைக் கொடுத்தார், போனார். நோட்டைப் பற்றி அன்றும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை.

பிப்ரவரி 21, சனி

போனேன். கதவைத் திறந்ததும் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் உள்ளே போய் அரிசி டப்பாவுக்குள் கைவிட்டு, நாலாய் மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து வந்தார். மடிப்பில் தவிடு ஒட்டியிருந்தது.

"அதுக்கு வரல அக்கா. அந்தப் பணத்த விட்டுடுங்க. நான் அன்னிக்குப் பேசினது தப்பு."

அவர் தாளை நீட்டியபடியே நின்றார். "காசு குடுக்காதது எனக்கே உறுத்துது. ஆனா நீ பார்த்தும் பாக்காத மாதிரி போனியே, அதான் தாங்கல" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னிக்கப் போகிறோம் என்று நினைத்துத்தான் படியிறங்கினேன். அடுப்படியில் உட்கார்ந்து பாலில்லாத வரட்டீ குடித்தோம். மகளுக்கு அடுத்த மாதம் பரீட்சையாம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலையில் புல்லெல்லாம் வெள்ளை. வளைவில் அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். அவர் போவது பூசைக்கு, நான் போவது ஆராதனைக்கு. "வா, பஸ் வரைக்கும் சேர்ந்தே நடக்கலாம்" என்றார்.