மல்லித் தோட்டத்தில் ஒரு நேர்காணல்

மேலூர்ப் பக்கம் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் வேளாண் பொறியியல் துறைக்குத் தலைவராக இருக்கிறேன். ஓர் உதவிப் பேராசிரியர் இடத்தை நிரப்ப எங்களுக்குப் பத்து மாதம் ஆனது. முதல் சுற்று தோற்று, இரண்டாம் சுற்றில்தான் ஆள் கிடைத்தார். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கும், வேலை தேடிக்கொண்டிருக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன்.

முதல் தவறு விளம்பரத்திலேயே நடந்தது. வேளாண் பொறியியல் என்பதற்குப் பதிலாக 'பயோசிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்' என்று போடச் சொன்னது நான்தான். உலகம் முழுக்க இந்தத் துறை அந்தப் பெயரை நோக்கி நகர்ந்திருக்கிறது. 1907-இல் தொடங்கிய அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் 2005-இல் தன் பெயரில் 'உயிரியல்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டது. நாங்கள் படித்த காலத்து ஆய்விதழ் ஒன்றுகூட 2002-இல் பயோசிஸ்டம்ஸ் என்று பெயர் மாறிவிட்டது. சரி, நாமும் புதுப் பெயரிலேயே கேட்போம் என்று நினைத்தேன். வந்த 41 விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் பயோடெக்னாலஜி, பயோமெடிக்கல் படித்தவர்களுடையவை. அவர்கள் மேல் குற்றமே இல்லை, விளம்பரம் அப்படித்தான் அழைத்தது. பட்டத்தின் பெயர் பொருந்தாவிட்டால் பின்னால் கல்லூரியைப் பார்வையிட வரும் குழு ஏற்காது. அத்தனை பேருக்கும் வருத்தம் தெரிவித்துக் கடிதம் அனுப்பினோம்.

அந்தச் சுற்றிலும் நல்ல இளைஞர் ஒருவர் கிடைத்தார். தேர்வுக் கடிதமும் கொடுத்துவிட்டோம். அவர் அப்போது வேலை பார்த்த கல்லூரியோ பருவத்தின் நடுவில் விடமாட்டோம் என்றது. போவதென்றால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டச் சொன்னது. அசல் சான்றிதழ்களும் அவர்கள் பீரோவில்தான் இருந்தன. நாற்பது நாள் காத்திருந்தோம். கடைசியில் அவரே போன் பண்ணி, "சார், என்னால வர முடியல, மன்னிச்சுக்கங்க" என்றார். ஒரு மனிதர் படித்து வாங்கிய காகிதத்தை இன்னொருவர் பூட்டி வைக்கும் வழக்கம் எனக்கு இன்றும் கோபம் வரவழைக்கிறது.

இரண்டாம் சுற்றுக்கு முன் நிர்வாகத்திடம் மூன்று விஷயங்களைக் கேட்டேன். முதலாவது, விளம்பரத்தில் வேளாண் பொறியியல் என்றே போட்டு, அதன் கீழ் மண் நீர்ப் பாதுகாப்பு, பண்ணை இயந்திரங்கள், அறுவடைக்குப் பிந்தைய பதப்படுத்தல் என்று பிரிவுகளைத் தெளிவாக எழுத வேண்டும். இரண்டாவது, சம்பளத்தை அச்சிட வேண்டும். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ-யின் விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு ஊதிய நிலை 10, தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அதைப் போட்டுவிட்டால் நேர்காணல் மேசையில் "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்க வேண்டியிருக்காது. அந்தக் கேள்விக்கு முன்னால் நல்ல ஆட்கள் கூனிக் குறுகிப் பதில் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, அசல் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். இரண்டாவதுக்குத்தான் நீண்ட பேச்சு நடந்தது, கல்லூரி முதல்வர் என்னோடு நின்றதால் முடிந்தது.

இந்தத் துறைக்கு ஆள் கிடைப்பது இயல்பாகவே கடினம். மதுரை ஒத்தக்கடையில் 1965 முதல் வேளாண் கல்லூரி இருந்தாலும், வேளாண் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பிரிவைப் படிக்கக் கோவைக்கோ திருச்சிப் பக்கம் குமுளூருக்கோதான் போக வேண்டும். படித்து முடித்தவர்களில் பலர் அரசின் வேளாண் பொறியியல் துறை வேலைக்காக டிஎன்பிஎஸ்சி எழுதுகிறார்கள். "நீங்களும் எழுதுவீங்களா?" என்று நேர்காணலில் கேட்பது பல இடங்களில் வழக்கம். நாங்கள் கேட்கவில்லை. எழுதுவது அவர்கள் உரிமை. இருக்கும் வரை நன்றாக வேலை பார்க்கும் இடமாக நம் துறையை வைத்திருப்பது நம் பொறுப்பு.

இந்த முறை தகுதியானவர்கள் ஒன்பது பேர், அழைத்தது நான்கு பேரை, வந்தது மூன்று பேர். காலையில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் முன்னால் இருபது நிமிட வகுப்பு. தலைப்பை முந்தைய நாள் மாலையில்தான் கொடுத்தோம்: 'ஈரப்பதம் 22 சதவீதம் உள்ள ஆயிரம் கிலோ நெல்லை 14 சதவீதத்துக்குக் காயவைத்தால் எவ்வளவு நீர் போகும்?' எளிய கணக்கு மாதிரித் தெரியும். இருபத்திரண்டில் பதினான்கு போனால் எட்டு, அதனால் 80 கிலோ என்று மாணவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அது தவறு. காயும்போது மாறாமல் இருப்பது 780 கிலோ உலர் பொருள் மட்டும்தான். காய்ந்த நெல்லில் அது 86 சதவீதம். ஆகவே மிஞ்சும் எடை 907 கிலோ, போன நீர் 93 கிலோ.

முதலில் வந்தவர் அழகான ஸ்லைடுகளோடு வந்தார், விடையும் சரி. ஆனால் மாணவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாமவர் சூத்திரத்தை எழுதி எண்களைப் போட்டு முடித்தார். மூன்றாவதாக வந்த பெண் முதலில் மாணவர்களிடமே விடை கேட்டார். 80 என்று குரல் வந்ததும், "சரி, அப்படியே வச்சுக்குவோம். இப்ப மிச்சம் 920 கிலோ. அதுல உலர் பொருள் எவ்வளவு, எல்லாரும் போட்டுப் பாருங்க" என்றார். 920-இல் 780 என்றால் கிட்டத்தட்ட 85 சதவீதம்தான், 86 வரவில்லை. பின்வரிசையில் ஒரு பையன், "மேடம், இன்னும் ஈரம் இருக்கு" என்றான். அந்த இடத்தில் வகுப்பு முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது. தவறான விடையைத் திட்டாமல் அதையே பிடித்துக்கொண்டு சரியான இடத்துக்கு இழுத்துப் போனார். இதைப் பயோடேட்டாவில் எந்த வரியிலும் பார்க்க முடியாது.

மதியம் மூவரையும் கல்லூரிக்குப் பின்னால் உள்ள ஒரு மல்லித் தோட்டத்துக்கு, ஒருவர் பின் ஒருவராக அழைத்துப் போனோம். மே மாதம், பூ வரத்து நன்றாக இருக்கும் நேரம். சொட்டு நீர் போட்ட தோட்டம் அது. தோட்டக்கார அண்ணன் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "தண்ணி விட்டும் அந்தக் கடைசி வரிசைச் செடி ஏன் வாடுது?"

ஒருவர் சென்சார் பொருத்தலாம் என்றார். இன்னொருவர் மோட்டாரின் குதிரைத்திறனைக் கேட்டார், அதுவும் நியாயமான கேள்விதான். அந்தப் பெண்ணோ, "அண்ணே, வீட்ல டம்ளர் இருக்குமா, ஒரு பதினாறு?" என்றார். அண்ணன் வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர்கள் வந்தன. நான்கு வரிசையில் நான்கு நான்கு சொட்டுவானுக்குக் கீழே வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் பிடித்து, ஆய்வகத்திலிருந்து வாங்கி வந்த அளவுக் குடுவையில் அளந்தார். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் நிமிடத்துக்கு ஏறத்தாழ 67 மில்லி தர வேண்டும். பதினாறின் சராசரி 56. மிகக் குறைவாக வந்த நான்கின் சராசரி 36. மிகக் குறைந்த அந்தக் கால் பங்கின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்தால், தண்ணீர் எவ்வளவு சமமாகப் போகிறது என்று காட்டும் சீர்மை 64 சதவீதம். தொண்ணூறை ஒட்டி இருந்தால்தான் நல்லது. அப்புறம் பக்கக் குழாயின் முனை மூடியைத் திறந்துவிட்டார். செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. ஒரு சொட்டுவானைக் கழற்றி, வாயில் வெள்ளையாகப் படிந்திருந்த உப்பை அண்ணனிடம் காட்டினார். "போர் தண்ணி உப்புண்ணே. ஃபில்டரையும் கழுவணும், ஆசிட் விட்டும் சுத்தம் பண்ணணும். ஆசிட்ட நீங்களா ஊத்தாதீங்க, அளவு சொல்றேன்."

குழுவில் வெளியிலிருந்து வந்த பாட வல்லுநர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மாலை நேர்காணலில் அந்தப் பெண்ணிடம் ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை என்று ஒருவர் கேட்டார். மற்ற இருவரைவிடக் குறைவுதான். நான் அந்த இடத்தில் விட்டுக்கொடுக்காமல் பேசினேன். கட்டுரை எழுத இன்னும் முப்பது வருடம் இருக்கிறது என்று சொன்னேன். முடிவில் எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா என்றோம். "முதல் வருஷம் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு? ஆய்வகத்துல வெப்பக் காற்று அடுப்பு வேலை செய்யுதா?" என்று கேட்டார். இரண்டும் சரியான கேள்விகள். வாரம் 16 மணி நேரம் என்றோம். மாதிரிகளைக் காயவைத்து ஈரம் அளக்க உதவும் அந்த அடுப்பு பழுது என்ற உண்மையையும் சொன்னோம்.

தேர்வுக் கடிதத்தை மூன்றாம் நாளே அனுப்பினோம். சேரும் தேதியை அவர் கல்லூரிப் பருவம் முடிவதைப் பார்த்து அவரே எழுதிக்கொள்ளலாம் என்று விட்டோம். ரிலீவிங் ஆர்டரோடு ஜூலையில் வந்து சேர்ந்தார். சான்றிதழ்களைச் சரிபார்த்து ஒரு மணி நேரத்தில் கையில் கொடுத்தேன். அதற்குள் அடுப்பையும் சரி செய்து வைத்திருந்தோம்.

தேர்வாகாத இருவருக்கும் நானே போன் செய்து காரணத்தைச் சொன்னேன். முதலில் வந்தவர் தன் வகுப்பின் குறையைக் கேட்டு எழுதிக்கொண்டார். இப்போது வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார்.

அந்தப் பெண் போன வாரம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி மல்லித் தோட்டத்துக்குப் போனார். இந்த முறை நாற்பது டம்ளர். சீர்மை 87 வந்திருக்கிறது. மேட்டுப் பக்கம் இரண்டு வரிசை இன்னும் பாக்கி.