முன்மொழிவுக்கு முன்னே ஒரு பக்கம்

ஆய்வு நல்கைக்கு விண்ணப்பிக்கும் முன் நிதி வழங்கும் அமைப்பின் திட்ட அலுவலரிடம் பேசினால் அது சிபாரிசு கேட்டதாகிவிடும் என்று பலர் ஒதுங்கி நிற்கிறார்கள். அந்தத் தயக்கம் தேவையற்றது. விண்ணப்பதாரரின் ஐயங்களைத் தீர்ப்பது அந்த அலுவலரின் பணியிலேயே அடங்கும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, பேரிடர் போன்ற அவசரச் சூழல்களில் செய்யும் ஆய்வுக்கான ரேபிட் வகை நல்கைக்கு, அலுவலரை முதலில் தொடர்புகொள்ள வேண்டும் என்று விதியாகவே வைத்திருக்கிறது.

எங்கள் ஆய்வு நிலத்தடி நீரில் நைட்ரேட் கலப்பதைப் பற்றியது. வயலுக்கு இடும் உரம் கிணற்று நீரை எப்படி அடைகிறது என்பது ஒரு பகுதி. அந்த நீர் கைக்குழந்தைகளின் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்பது மறு பகுதி. இரண்டையும் ஒரே முன்மொழிவில் எழுதத்தான் எண்ணியிருந்தோம்.

நாங்கள் விண்ணப்பிக்க நினைத்த அமைப்பு அண்மையில் நிதி அளித்த திட்டங்களின் சுருக்கங்களை முதலில் படித்தோம். பொதுவெளியில் கிடைக்கும் விவரத்தை அலுவலரிடம் கேட்டு அவர் நேரத்தை வீணாக்கக் கூடாது. பிறகு ஒரு சிறிய மின்னஞ்சல் அனுப்பினோம். ஆய்வுக் கேள்வி என்ன, அதற்கு விடை காண்பது ஏன் அவசியம், எந்த முறையில் செய்யப்போகிறோம் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி இணைத்தோம். மின்னஞ்சலில் கேட்டவை இவ்வளவுதான்: "குழந்தைகள் நலம் தொடர்பான பகுதி உங்கள் திட்டத்தின் வரம்புக்குள் வருமா? களக் கருவிகள் வாங்கும் செலவைச் சேர்க்கலாமா? இதுபற்றிப் பேச நேரம் ஒதுக்க முடியுமா?" பதில் உடனே வரவில்லை. பணிவாக ஒருமுறை நினைவூட்டியதும் தொலைபேசியில் பேச அழைத்தார்.

அந்த உரையாடல் முன்மொழிவின் வடிவத்தையே மாற்றியது. உடல்நலப் பகுதியை மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமைப்பிடம் கொண்டுபோகச் சொன்னார். நீர் பற்றிய பகுதி பொருந்தும் என்றார். ஆனால் கணினி மாதிரிகளை மட்டும் நம்பிய விண்ணப்பங்கள் ஏராளமாக வருவதால், களத்தில் அளந்த தரவு இருந்தால் மதிப்பீட்டாளர்கள் கூடுதல் கவனம் கொடுப்பார்கள் என்று சொன்னார். எந்த அறிவிப்பிலும் அச்சாகாத செய்தி அது! இதற்காகத்தான் பேச வேண்டும் என்கிறேன்.

அலுவலரின் சொற்களைக் கூர்ந்து கேட்பதும் முக்கியம். "நல்ல யோசனை" என்பது மரியாதைக்குச் சொல்வதாகவும் இருக்கலாம். "வேறொரு திட்டத்தையும் பாருங்கள்" என்றால் பெரும்பாலும் மறுப்புதான். "இது எங்கள் வரம்புக்குள் வருகிறது, இந்தச் சுற்றிலேயே அனுப்புங்கள்" என்றால் துணிந்து எழுதலாம். அதுவும் வாக்குறுதி ஆகாது. மதிப்பெண் போடுவது பெரும்பாலும் வெளி மதிப்பீட்டாளர்கள். எனவே வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

பேசி முடித்த அன்றே, நாங்கள் புரிந்துகொண்டதைச் சில வரிகளில் எழுதி அவருக்கு அனுப்பினோம். ஒரு வரியை அவர் திருத்தினார்: களக் கருவிகளுக்குச் செலவிடலாம், ஆய்வகத்தின் பொதுப் பயன்பாட்டுக்கான கருவிகளுக்குக் கூடாது. வரவுசெலவுப் பட்டியலை அந்தத் திருத்தத்தின்படி மாற்றிக்கொண்டு எழுதத் தொடங்கினோம்.