நெய்தலை அசைத்து எடுத்த போர்ட்ஃபோலியோ: ஜூனியர்களுக்குச் சில குறிப்புகள்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இறுதியாண்டில் போட்டோகிராஃபியைச் சிறப்புப் பாடமாக எடுக்கிறவர்களுக்கு போர்ட்ஃபோலியோதான் பெரிய பரீட்சை. ஒரே கருத்தைச் சுற்றி ஒரு படத்தொகுப்பு, அதற்கு ஒரு குறிப்பு, கடைசியில் எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் வைவா என்னும் வாய்மொழித் தேர்வு. நான் எடுத்துக்கொண்டது கேமராவை வேண்டுமென்றே அசைத்து எடுக்கும் நிலக்காட்சி. இன்டென்ஷனல் கேமரா மூவ்மென்ட், சுருக்கமாக ஐசிஎம் என்பார்கள். கூடவே நீண்ட எக்ஸ்போஷர், அதாவது ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்து எடுப்பது. இந்த வருடம் இதை எடுக்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். தாராளமாக எடுங்கள். ஆனால் அழகான கலங்கல் யார் அசைத்தாலும் கிடைத்துவிடும். அந்த நிலத்துக்கு அந்த அசைவு ஏன் என்பதற்குப் பதில் இருந்தால்தான் மதிப்பெண். கீழே எழுதுவது எல்லாமே அந்தப் பதிலைத் தயார் செய்வதைப் பற்றித்தான்.

எனக்கு அந்தப் பதில் தொல்காப்பியத்திலிருந்து கிடைத்தது. பள்ளியில் எல்லாரும் படித்ததுதான். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் பறவை, மரம், தொழில், மக்கள் எல்லாம் கருப்பொருள். அங்கே நிகழும் உணர்வு உரிப்பொருள். வழக்கமான கடற்கரைப் படம் கருப்பொருளை நம்பி நிற்கிறது. ஒரு கட்டுமரம், ஒரு வலை, ஒரு மீனவர் என்று எதையாவது முன்னால் வைத்தால்தான் படம் நிற்கும். கேமராவை அசைத்தால் அவை கரைந்துவிடும். மிஞ்சுவது நிலத்தின் கோடும் பொழுதின் நிறமும்தான். அந்த இரண்டை மட்டும் வைத்து நெய்தலின் உரிப்பொருளான இரங்கலை, அந்தப் பிரிவின் வருத்தத்தைக் காட்ட முடியுமா? இதுதான் என் கேள்வி. நீங்கள் வேறு கேள்வி வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேள்வி இல்லாமல் படமெடுக்கக் கிளம்பாதீர்கள்.

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, பொழுது சாயும் நேரம். நம் கிழக்குக் கரையில் இது நடைமுறைக்கும் நன்றாக ஒத்துவருகிறது. எல்லாரும் சூரிய உதயத்துக்குத்தான் கேமராவோடு மெரினாவுக்கு ஓடுகிறார்கள். அப்போது சூரியன் கடலின் மேல், லென்ஸுக்கு நேர் எதிரே இருக்கும். அதை ஃபிரேமில் வைத்து அசைத்தால் படத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கீறல் விழும், கண் அதைத் தவிர வேறெங்கும் போகாது. சாயங்காலத்தில் சூரியன் நமக்குப் பின்னால், ஊரின் பக்கம் இறங்குகிறது. கடல் முழுக்கச் சீரான ஒளி. சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில், வானம் தெளிவாக இருந்தால், கிழக்கு அடிவானத்தில் நீலச் சாம்பல் பட்டை ஒன்றும் அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றும் எழும். அந்த நீலப் பட்டை பூமியின் நிழல். கேமராவை அடிவானத்தோடு இணையாக இழுத்தால் கடல், நிழல், சிவப்பு என்று மூன்று நிறங்கள் மட்டும் மிஞ்சும். என் தொகுப்பின் முதுகெலும்பே அந்தப் படங்கள்தான்.

இனி எக்ஸ்போஷர் கணக்கு. இதை மனப்பாடமாக அல்ல, வாயால் விளக்குமளவுக்குத் தெரிந்துகொள்ளுங்கள். எஃப் எண் லென்ஸ் துவாரத்தின் (அபர்ச்சர்) அளவு, எண் கூடினால் துவாரம் சிறிதாகும். ஐஎஸ்ஓ ஒளிக்கான உணர்திறன். நல்ல வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் ஏறக்குறைய 1/100 நொடி. எஃப் 22-க்குப் போனால் 1/50. ஒளியைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடிதான் என்டி ஃபில்டர், ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும். அதன்படி 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டால் ஒளி எட்டில் ஒரு பங்காகும், நேரம் எட்டு மடங்காகி 1/6 நொடி வரும். 6 ஸ்டாப் என்றால் 64 மடங்கு, ஒரு நொடியைக் கொஞ்சம் தாண்டும். 10 ஸ்டாப் என்றால் சுமார் 20 நொடி. கேமராவை அசைப்பதற்கு 1/8 முதல் 1 நொடி வரைதான் எனக்கு வேலைக்கு ஆனது. 1/4 நொடியில் மரம் மரமாகவே தெரியும், ஓரம் மட்டும் இளகியிருக்கும். ஒரு நொடியில் நிறம் மட்டும்தான். டெலி லென்ஸில் சிறு அசைவே பெரிதாகத் தெரியும், அகன்ற லென்ஸில் நிறைய இழுக்க வேண்டும். கேமராவை ட்ரைபாடில் அசையாமல் வைத்து அலையை மட்டும் நகரவிடும் 20, 30 நொடிப் படம் வேறு வகை. அதில் நீர் பனியாகப் பரவும், பாறை அப்படியே நிற்கும். இரண்டையும் ஒரே தொகுப்பில் கலப்பதென்றால் காரணம் சொல்லத் தெரிய வேண்டும்.

ஒரு 6 ஸ்டாப் ஃபில்டர் போதும். சாயங்காலத்தில் அதுவும் சில நேரம் தேவைப்படாது. விலை குறைந்த வேரியபிள் என்டியை (திருப்பி அளவு மாற்றும் ஃபில்டர்) கடைசிவரை திருப்பினால் படத்தின் குறுக்கே எக்ஸ் வடிவத்தில் இருள் விழும், அகன்ற லென்ஸில் இன்னும் மோசம். 10 ஸ்டாப் போடுகிறவர்கள் ஃபோகஸை முதலில் முடித்து மேனுவலுக்கு மாற்றிவிட்டு ஃபில்டரை மாட்டுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் வியூஃபைண்டரை மூட வேண்டும், பின்னாலிருந்தும் ஒளி உள்ளே போகும்.

சென்சார் தூசியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எஃப் 22-ல் தூசி கறுப்புப் புள்ளியாகத் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரியும். அசைத்து எடுக்கும் படத்தில் காட்சி மொத்தமும் கலங்கும், ஆனால் தூசி சென்சாரோடு சேர்ந்தே நகர்வதால் அது மட்டும் கூர்மையாக அப்படியே இருக்கும். மென்மையான நிறப் பரப்பில் வேறு ஒன்றும் இல்லாததால் பிரிண்டில் முதலில் கண்ணில் படுவது அந்தப் புள்ளிதான். சென்சாரைச் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

கை அசைவில் கவனிக்க வேண்டியது தொடக்கமும் முடிவும். இமேஜ் ஸ்டெபிலைசேஷனை நிறுத்திவிடுங்கள். முதலில் அசைக்கத் தொடங்கி, ஓட்டத்திலேயே ஷட்டரை அழுத்தி, அது மூடிய பிறகும் அசைவைத் தொடருங்கள். நின்ற நிலையில் அழுத்தினால் அந்த நின்ற கணம் தனி உருவமாகப் பதியும். சில படங்களுக்கு அதுவே வேண்டியிருக்கும்: பாதி நேரம் நிறுத்தி, பாதி நேரம் இழுத்தால் உருவத்தின் எலும்பு மட்டும் தங்கும். அடிவானத்துக்கு ட்ரைபாடை மட்டம் பார்த்து வைத்து, பக்கவாட்டில் திருப்பும் பேன் திருகை மட்டும் தளர்த்திக்கொள்ளுங்கள். மரத்துக்குக் கையே போதும்.

மரம் என்றால் சவுக்கு. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் கடலோரமாகத் தோப்புகள் உண்டு. நேரான, ஒல்லியான, நெருக்கமான தண்டுகள். மேலும் கீழுமான அசைவுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் நம் கரையில் இல்லை என்பேன். ஆனால் ஃபிரேமில் வானம் வரக்கூடாது. சென்சார் ஒளியைக் கூட்டிக்கொண்டே போகும், கழிக்காது. வானத்தின் வெள்ளை ஒருமுறை பட்ட இடத்தில் தண்டின் கறுப்பு பிறகு வந்தாலும் பதியாது. ஆகவே வெளிச்சம் எப்போதும் இருளைத் தின்னும். தோப்பின் அடிப்பகுதியை, பின்னாலும் மரங்களே இருக்கும் கோணத்தில் பிடியுங்கள்.

படக் கோப்போடு கேமரா சேமிக்கும் எக்ஸிஃப் தகவலில் ஷட்டர் வேகம் இருக்கும், உங்கள் கை போன வழி இருக்காது. அதனால் ஒவ்வொரு வரிசைக்கும் திசை, வேகம், நிறுத்தியது எங்கே என்று மொபைலில் குரல் குறிப்பு பதிந்துகொண்டேன். வைவாவில் என்னைக் காப்பாற்றியது இதுதான். எக்ஸ்டர்னல் கேட்ட முதல் கேள்வி, “இதே படத்தை மறுபடி எடுக்க முடியுமாம்மா?” அச்சு அசலாக முடியாது, ஆனால் இதே குடும்பத்துப் படத்தை எடுக்க முடியும் என்று சொல்லி, தொடர்ச்சியான ஃபிரேம்களைக் காண்டாக்ட் ஷீட்டில் (பல படங்களைச் சிறிதாக வரிசையாக அச்சிட்ட தாள்) காட்டினேன்.

அடுத்தது நீங்களும் சந்திக்கப்போகும் கேள்வி: ஃபோட்டோஷாப்பில் மோஷன் ப்ளர் போட்டால் இது வராதா? என் பதில் இப்படி இருந்தது. ஃபோட்டோஷாப்பின் அந்த ப்ளர், ஏற்கெனவே உறைந்துவிட்ட ஒரு கணத்தை ஒரே திசையில் ஒரே அளவில் இழுக்கிறது. கடற்கரையில் நான் கேமராவைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அலையும் என்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. இரண்டு நகர்வும் சேர்ந்து நுரையின் தடம் சாய்வாகப் பதிகிறது. அடிவானமோ நேராகவே இருக்கிறது. ஒரே படத்தில் இரண்டு திசை. பிரிண்டில் விரல் வைத்துக் காட்டினால் உடனே புரிந்துகொள்வார்கள்.

முன்னோடிகளையும் கேட்பார்கள். பெயர்ப் பட்டியல் ஒப்பிக்காமல், அவர்களின் முறைகளுக்குள் வேறுபாடு சொல்லுங்கள். ஏர்ன்ஸ்ட் ஹாஸ் 1950-களில் மெதுவான ஷட்டரில் காளைச் சண்டையை வண்ணத்தில் எடுத்தார். அவர் கேமரா நகர்வைப் பின்தொடர்ந்தது. அலெக்ஸி டிட்டரென்கோ 1990-களின் தொடக்கத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கூட்டத்தை எடுத்தபோது கேமரா நின்றது, மனிதர்கள் புகையாகக் கரைந்தார்கள். ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் எடுத்துவரும் கடல்களில் பாதி நீர், பாதி வானம் மட்டும். என் தொகுப்புக்கு நெருக்கமானவர் அவர்தான், கேமரா அசைவு இல்லாவிட்டாலும்.

பிரிண்டுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தப் படங்களில் நிறம் மெதுவாக மாறும் பெரிய பரப்புகள் அதிகம். ஜேபெக்கில் எடுத்து கான்ட்ராஸ்டை ஏற்றினால் படிப்படியாகக் கோடு விழும். சென்சார் தகவல் சுருக்கப்படாத ரா கோப்பாக எடுத்து, நிறப் படிகள் அதிகமுள்ள 16 பிட்டிலேயே வேலை செய்து, மேட் பேப்பரில் ஒரு சிறிய சோதனைப் பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் லேபுக்குக் கொடுங்கள்.

கேமரா கிடைக்காதவர்கள் மொபைலின் ப்ரோ மோடில் ஷட்டரை 1/4 நொடிக்கு வைத்துப் பழகலாம். பெரும்பாலான மொபைல்களில் அபர்ச்சரைக் குறைக்க முடியாது, எனவே வெயில் இறங்கிய பிறகுதான் சரிவரும். ஐஎஸ்ஓவைக் கடைசிக்கு இறக்கி, ரா வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் துறை மொபைல் படங்களை ஏற்குமா என்பதை மட்டும் தலைப்பு கொடுப்பதற்கு முன்பே கைடிடம் கேட்டுவிடுங்கள்.