யார்க்‌ஷயர்ல பொறந்து லங்காஷயருக்குப் போன பௌலண்ட்

இங்கிலாந்துல 1894ல ஒரு சட்டம் கொண்டு வந்து கிராமப்புறத்தையெல்லாம் ரூரல் டிஸ்ட்ரிக்ட்னு பிரிச்சாங்க. கிட்டத்தட்ட நம்ம ஊராட்சி ஒன்றியம்னு வச்சுக்கோங்க, தேர்தல் வச்சு வர்ற கவுன்சில், சாக்கடை, குடிதண்ணி, குப்பை, ஏழைங்களுக்கு வீடு கட்டிக் குடுக்கறதுன்னு அவங்களுக்கு வேலை, சின்ன ரோடுங்க கூட 1930 வரைக்கும் அவங்க பொறுப்புதான்.

அதுல என் மனசுல நிக்கறது பௌலண்ட் ரூரல் டிஸ்ட்ரிக்ட். ஸ்லைட்பர்ன், நியூட்டன், வாடிங்டன், கிரிண்டில்டன்னு சின்னச் சின்ன கிராமங்க, யார்க்‌ஷயரோட மேற்கு ஓரம். கவுண்டி ஆபீஸ் (கவுண்டின்னா ரூரல் டிஸ்ட்ரிக்டுக்கு மேல இருக்கற பெரிய நிர்வாகப் பகுதி) இருந்தது எங்கியோ மலைக்கு அந்தாண்ட வேக்ஃபீல்ட்ல, ஆனா வாடிங்டன்ல இருந்து ரெண்டு மைல்ல ரிபிள் ஆத்தைத் தாண்டினா கிளிதரோ டவுன், அது லங்காஷயர்ங்கற பக்கத்து கவுண்டி. சந்தை கடை எல்லாம் அங்கதான்.

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்ப வேதனையா இருக்கும். லங்காஷயர் கடற்கரை ஊருங்களுக்குத் தண்ணி வேணும்னு ஃபைல்ட் வாட்டர் போர்டு இங்க ஹாடர் ஆத்துக்குக் குறுக்க அணை கட்டுச்சு, 1932ல திறந்தாங்க, ஸ்டாக்ஸ்னு ஒரு கிராமமே தண்ணிக்குள்ள போயிடுச்சு. அங்க இருந்த தேவாலயத்தை இடிச்சு அந்தக் கல்லுலயே மேட்டுல ஒரு சின்ன சேப்பல் கட்டினாங்க, அது இன்னைக்கும் இருக்கு, ஆனா கிராமம் போனது போனதுதான். அதாவது 1974ல எல்லைக்கோடு மாறறதுக்கு 42 வருஷம் முன்னாடியே இந்த மண்ணோட தண்ணி லங்காஷயருக்குப் போக ஆரம்பிச்சிருச்சு.

1974 ஏப்ரல் 1ல ரூரல் டிஸ்ட்ரிக்ட் எல்லாத்தையும் கலைச்சாங்க. பௌலண்டை கிளிதரோவோட சேத்து ரிபிள் வேலின்னு புது மாவட்டம், லங்காஷயர்ல. நிர்வாகத்துக்குப் பாத்தா சரியான முடிவுதான், பக்கத்து டவுன்லயே ஆபீஸ் இருந்தா ஜனங்களுக்கு நல்லதுதானே. ஆனா நாங்க யார்க்‌ஷயர்காரங்கன்னு சொல்றவங்க அங்க இன்னும் இருக்காங்க, அதை வெறும் பழம்பெருமைன்னு என்னால தள்ள முடியல. ஆபீஸ் மாறினா சொந்த ஊரும் மாறிடுமா என்ன?

கிரிக்கெட்ல கூட பாருங்க, யார்க்‌ஷயர்ல பொறந்தவங்கதான் யார்க்‌ஷயர் டீம்ல ஆடணும்னு பல வருஷமா ஒரு வழக்கம், அதுக்கு அவங்க எடுத்துக்கிட்டது பழைய எல்லையைத்தான். 1992ல அந்த வழக்கத்தை விட்டாங்க, அந்த வருஷம்தான் நம்ம சச்சின் அந்த டீமோட முதல் வெளிநாட்டு பிளேயரா போனாரு.