பேகூரில் கும்பிட்ட வீரக்கல்

பெங்களூர் ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளியில் திரும்பி, நெரிசலைத் தாண்டிப் போனால் பேகூர். அங்கே நாகேஸ்வரர் கோயிலில் ஐந்து லிங்கங்கள். தென் கர்நாடகத்தை ஆண்ட மேலைக் கங்கர் காலத்தில் எழும்பி, சோழர் காலத்தில் வளர்ந்த தலம். ஒரு சந்நிதியில் இருப்பவர் சோளேஸ்வரர், அதாவது நம் சோழேஸ்வரர். பெயரைக் கேட்டதும் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆனால் நாங்கள் அதிக நேரம் நின்றது ஒரு கல்லின் முன்னால்தான். சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த வீரக்கல், பழைய கன்னட எழுத்து. நாகத்தரன் என்ற கங்கர் தலைவனைச் சேர்ந்த ஒருவன் பெங்களூர்ச் சண்டையில் மாண்டதைச் சொல்கிறது. 1537-இல் கெம்பேகவுடா கோட்டை கட்டிப் பெங்களூரை நிறுவுவதற்கு ஆறு நூற்றாண்டுக்கும் முந்தியது. இவ்வளவு பெரிய நகரத்தின் பெயர் நமக்கு முதலில் கிடைப்பதே ஒருவனுடைய சாவுச் செய்தியில்தான்! உடம்பு சிலிர்த்துவிட்டது.

இப்படி மாண்ட வீரனின் கல்லைக் கும்பிடுவது நமக்குப் புதிதா என்ன? ஆநிரை மீட்டு மடிந்தவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியமே சொல்கிறது. புறநானூற்று 335-ஆம் பாடலில் மாங்குடி கிழார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பகைவரை எதிர்நின்று தடுத்து, யானையை வீழ்த்தித் தானும் விழுந்தவனின் கல்லைத் தவிர, நெல் தூவி வணங்க வேறு தெய்வமே இல்லை என்கிறார். எங்கள் பக்கம் எல்லையில் காவல் நிற்கும் கருப்பரையும் மதுரை வீரனையும் நான் இந்த வரிசையில்தான் பார்க்கிறேன். சிவன் கோயில்களில் அர்த்தஜாமம் முடிந்து நடை சாத்தியதும் சாவியைப் பைரவர் முன் வைப்பார்களே, அதுவும் இதே நம்பிக்கைதான். ராத்திரி முழுக்க விழித்திருக்க ஒருவர் வேண்டும்.

"சாமி பேர் என்னப்பா?" என்றார் அத்தை.

"சாமி இல்லை அத்தை, சண்டையில செத்தவர்."

"அப்போ சாமிதான்." அர்ச்சனைத் தட்டில் மிச்சமிருந்த செவ்வந்தியில் இரண்டை எடுத்து, கல்லின் அடியில் வைத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

பேகூர் போகிறவர்கள் லிங்க தரிசனத்தோடு திரும்பிவிடாதீர்கள், எங்கே அந்தக் கல் என்று கேட்டுப் பாருங்கள். பெங்களூரின் வடக்கே ஹெப்பாளிலும் 8-ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று இருக்கிறது, படையெடுத்து வந்தவர்களை எதிர்த்து மாண்ட கிட்டய்யாவுக்கு நட்டது. அடுத்த ஞாயிறு அங்கே கூட்டிப்போகச் சொல்லி அத்தை இப்போதே பிடித்துக்கொண்டார்.