சொன்னா கேக்க மாட்டான்

"சொன்னா கேக்கவே மாட்டான் மிஸ்." நான்காம் வகுப்புப் பையன் ஒருவனை என் அறையில் விட்ட ஆசிரியை வாசலிலேயே இதைச் சொல்லிவிட்டுப் போனார். மதுரையில் மேலூர்ச் சாலையில் உள்ள ஒரு பள்ளியில் நான் உளவியலாளராகச் சேர்ந்து அது இரண்டாம் ஆண்டு. பிள்ளைகளுக்கு நான் கவுன்சிலிங் மிஸ். பெற்றோரில் சிலர் டாக்டரம்மா என்பார்கள். திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

பையன் காதில் பஞ்சு வைத்திருந்தான். மார்கழி மாதம், பனிக்காக இருக்கும் என்று நினைத்தேன். குறிப்பேட்டில்கூட எழுதவில்லை.

பினே–காமத் என்ற அறிவுத்திறன் சோதனை வைத்தேன். எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னால் மூன்றுக்கு மேல் தடுமாறினான். கேள்வி கேட்டால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ரேவன் படங்களை எடுத்து வைத்தேன். ஒரு துண்டு விடுபட்ட கோலம் இருக்கும், கீழே உள்ள ஆறு துண்டுகளில் அதற்குப் பொருந்துவதைக் காட்ட வேண்டும். விறுவிறுவென்று காட்டிக்கொண்டே போனான். பார்த்துப் புரிந்துகொள்வதற்கும் கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் நடுவே அவ்வளவு பெரிய இடைவெளி. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். நானோ 'கவனக் குறைவு' என்று அறிக்கை எழுதினேன். புள்ளிகளை இணைப்பது, கட்டங்களுக்கு வண்ணம் தீட்டுவது என்று இரண்டு மாதம் பயிற்சி கொடுத்தேன். அதில் எல்லாம் பிரமாதமாகத் தேறினான். வகுப்பில் ஒன்றும் மாறவில்லை.

ஒருநாள் சொல்வதெழுதுதல் நடக்கும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதல் ஐந்து சொற்களை டீச்சர் வகுப்பைப் பார்த்து நின்று சொன்னார். மிச்சத்தைப் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டே சொன்னார். பிறகு அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் ஐந்தில் நான்கு சரி. அதற்கப்புறம் 'சட்டி' 'பட்டி'யாகியிருந்தது; 'கதவு' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'க' மட்டும் நின்றது; அதற்குக் கீழே பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதிய பாதிச் சொல். டீச்சரின் முகம் தெரிந்தவரைக்கும் எழுதியிருக்கிறான். உதட்டைப் பார்த்து.

அப்பத்தாவை வரச் சொன்னேன். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில். பையனை வளர்ப்பது இவர்தான். "காதுல சீழு வரும் தாயி. கம்மாயில குதிச்சுக் குளிக்கிறான்ல. எண்ணெய காச்சி ஊத்துவேன், நின்னுரும். சளி புடிச்சா மறுபடி வரும்." எத்தனை வருஷமாக என்றேன். "ஒண்ணாப்பு போகையிலயே இருந்துச்சே." கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை.

வட்டார வள மையத்தின் மருத்துவ முகாமில் காட்டி, அங்கிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். இடது செவிப்பறையில் ஓட்டை. வலது காதும் சுமார்தான். சளி கூடினால் மந்தம் கூடும், காய்ந்தால் குறையும். அதனால்தான் ஒருநாள் கூப்பிட்டதும் திரும்புவான், மறுநாள் திரும்ப மாட்டான். வீட்டிலும் வகுப்பிலும் அதற்கு 'வேணும்னே பண்றான்' என்று பெயர்.

1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊர் இது. போர்டு தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால் கண்ணைக் காட்ட வேண்டும் என்பது எங்கள் பள்ளி ஆயாவுக்கே தெரியும். காதுக்கு அந்த நினைப்பு யாருக்கும் வருவதில்லை. காது கேட்காத பிள்ளையைப் பேச்சுக் கேட்காத பிள்ளையாக்க நம் மொழியும் கொஞ்சம் ஒத்தாசை செய்கிறது.

பள்ளியில் அடுத்த கேள்வி, "சர்டிபிகேட் இருக்கா?" 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. கற்றல் குறைபாடும் அதில் உண்டு. எழுத்துகளோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். அந்த அலைச்சலே என் வேலையில் பாதி. ஆனால் காது விஷயத்தில் சட்டத்தின் கணக்கு இரண்டு காதிலும் 60 டெசிபல் இழப்பில்தான் தொடங்குகிறது. இவனுக்கு அவ்வளவு இல்லை. ஆக, காகிதத்தில் இவனுக்குக் குறை எதுவும் கிடையாது. வகுப்பில் பாதிப் பாடம் கிடையாது.

அவனுக்குத் தேவைப்பட்டது முதல் பெஞ்சில் இடது ஓரம், வலது காது டீச்சர் பக்கம் இருக்கும்படி. போர்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் திரும்பிப் பேச வேண்டும். தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறிக்கு ஒரு வழி பண்ண வேண்டும். காசு செலவே இல்லை. ஆனாலும் பெஞ்சு மாற்ற மூன்று வாரம் ஆனது. முதல் பெஞ்சு ரேங்க் எடுப்பவர்களுக்காம். கடைசியில் அந்த ஆசிரியையே பிடிவாதமாக நின்று மாற்றினார். "இத்தனை நாள் திட்டிட்டேனே மிஸ்" என்றார். அவர் திட்டியது காற்றோடு போயிருக்கும். நான் எழுதியது கோப்பில் இருந்தது. அதை எடுத்து அடித்துவிட்டு வேறு எழுதினேன்.

இப்போதெல்லாம் சோதனைப் பெட்டியைத் திறக்கும் முன் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று மெதுவாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். இது செவிப் பரிசோதனை ஆகாது, தெரியும். ஆனால் திரும்பாத பிள்ளையைக் காது டாக்டர் பார்த்த பிறகுதான் நான் பார்க்கிறேன்.

பையனுக்கு அடுத்த கோடை விடுமுறையில் செவிப்பறையை ஒட்டிவிட்டார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் அப்பத்தா வந்தார். எப்படி இருக்கிறான் என்றேன்.

"இப்ப நல்லா கேக்குது தாயி" என்றார். "ஆனா கம்மாய்க்குப் போகாதடான்னு சொன்னா மட்டும் கேக்க மாட்டேங்கிறான்."