கால அட்டவணையில் இல்லாத வகுப்பு

ஒரு சிறிய ஊரில் இருக்கும் கலை அறிவியல் கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். என்பிடெல் ஆன்லைன் படிப்புகளுக்கு எங்கள் கல்லூரியின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் சில ஆண்டுகளாக என்னிடம்தான். அந்தப் பொறுப்பில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான்: ஆன்லைன் படிப்பை ஒரு பிள்ளை முடிப்பதும் பாதியில் விடுவதும், பக்கத்தில் உட்கார ஓர் ஆசிரியர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது.

இந்தத் திட்டத்தின் மேல் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல், 2014 முதல் தேர்வு வைத்துச் சான்றிதழும் தருகிறது. இந்தப் படிப்புகளும் இடம்பெறும் மத்திய அரசின் ஆன்லைன் தளம் ஸ்வயம். அதன் வழியாகப் படிக்கும் படிப்பின் க்ரெடிட்டை, அதாவது பட்டத்துக்குக் கணக்கில் வரும் பாட மதிப்பை, கல்லூரிப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2016இல் விதிமுறை கொண்டுவந்தது. ஒரு பருவத்தின் பாடங்களில் 20 சதவீதம் வரை என்றிருந்த அந்த வரம்பு 2021இல் 40 சதவீதம் ஆனது. பஸ் பிடித்து வந்து படிக்கும் எங்கள் பிள்ளை, சென்னை ஐஐடி பேராசிரியரிடம் ஒரு பாடம் கேட்டு அதைத் தன் பட்டத்தில் சேர்த்துக்கொள்ள முடிகிறது. நான் படித்த காலத்தில் இதெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம்.

சரி, நடைமுறையில் என்ன ஆகிறது? சேருவதற்குக் காசு கிடையாது, அதனால் பருவத் தொடக்கத்தில் வகுப்பே சேர்ந்துவிடும். வாரா வாரம் அசைன்மென்ட் உண்டு. அதற்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்தில் கண்காணிப்பாளர் முன்னால் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட் விடைகள் கெடு முடிவதற்குள் டெலிகிராமில் வந்துவிடுகின்றன. அதைப் பார்த்துக் குறித்தவர்களுக்கு 25க்கு 24 வரும். தேர்வில் 30 எடுத்தால்தான் தேர்ச்சி. அங்கே 20ஐத் தாண்ட மாட்டார்கள். இவர்களைச் சோம்பேறிகள் என்று சக ஆசிரியர்கள் சொல்லும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. மூன்றாவது வாரம் ஓர் இடத்தில் புரியாமல் நின்றிருப்பார்கள். கேட்க ஆள் இருந்திருக்காது. அடுத்த வாரத்துப் பாடம் அதன் மேல்தான் எழும்பும். அப்புறம் டெலிகிராமை விட்டால் வேறு வழி என்ன?

ஒரு மாணவி ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் போனோடு வந்தாள். பைதான் என்ற கணினி மொழிப் படிப்பில் ரிகர்ஷன் பாடம், அதாவது ஒரு ஃபங்ஷன் விடை காண தன்னையே மறுபடி கூப்பிடுவது. "மேடம், வீடியோவ மூணு தடவ பாத்துட்டேன். கடைசியில அந்த பதில் எங்கருந்து வருதுன்னு மட்டும் தெரியல" என்றாள். வீடியோவை அந்த இடத்துக்கு நகர்த்திப் பார்த்தேன். பேராசிரியர் தெளிவாகத்தான் நடத்தியிருந்தார். ஆனால் ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடும்போது அதற்குக் கொடுக்கும் எண்ணான n ஒவ்வொரு கூப்பிடலுக்கும் தனித்தனி என்பதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டார். இவள் எல்லாம் ஒரே n என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ரஃப் நோட்டில் 4 ஃபேக்டோரியலுக்கு, அதாவது 4×3×2×1க்கு, கட்டம் போடச் சொன்னேன். மேலே n 4, அதன் கீழே n 3, இப்படி 1 வரை நான்கு கட்டம். கீழேயிருந்து ஒவ்வொன்றாக விடையை மேலே அனுப்பி, அனுப்பிய கட்டத்தை அடிக்கச் சொன்னேன். 1, 2, 6, 24. கடைசிக் கட்டத்தை அடித்துவிட்டு, தானே 5க்குப் போட ஆரம்பித்தாள். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடத்தை எந்த வீடியோவும் தந்திருக்காது. அவள் எங்கே தடுக்கி நிற்கிறாள் என்று வீடியோவுக்குத் தெரியாதே.

பாடத்தைத் தாண்டியும் வேலை இருக்கிறது. தேர்வுக் கட்டணம் 1000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 500, ஆனால் அதற்கான சான்றிதழை விண்ணப்பிக்கும்போதே பதிவேற்ற வேண்டும். கடைசித் தேதிக்கு முந்தைய வாரம் நான் ஸ்கேனர் பக்கத்திலேயே இருப்பேன். மாணவரின் க்ரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் ஆன்லைன் க்ரெடிட் வங்கியில் கணக்குத் தொடங்க, ஆதாரோடு இணைத்த போன் எண்ணுக்கு ஓடிபி வரும். அந்த எண் அப்பாவுடையதாக இருக்கும். அப்பா திருப்பூரில் கம்பெனி வேலையில் இருப்பார். உணவு இடைவேளையில்தான் போனை எடுப்பார் என்று அதுவரை ஆய்வகத்தில் காத்திருப்போம். அப்புறம் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால், மதிப்பெண் சான்றிதழில் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயரே முழுதாக. ஒன்றோடொன்று பொருந்த வைப்பதற்குள் அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் வகுப்பு போய்விடும்.

கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புகளுக்காக 2021 தொடக்கத்தில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா இலவசமாகக் கொடுத்தது. நல்ல காரியம். வகுப்புக்கே வராமல் இருந்த சிலர் அதனால் திரும்பி வந்தார்கள். வந்தவர்கள் முதலில் கேட்டது, "விட்ட பாடத்த மறுபடி நடத்துவீங்களா?" என்றுதான்.

2016 விதிமுறையை எழுதியவர்கள் இதை யோசிக்காமல் இல்லை. மாணவர்களைப் படிப்பு முழுக்க வழிநடத்தக் கல்லூரி ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் என்று யுஜிசியின் இன்னொரு விதிமுறை சொல்கிறது. எனக்குத் தெரிந்த கல்லூரிகள் பலவற்றில் இந்த வேலை அந்த 16க்குள் வருவதில்லை. கடைசி மணிக்கும் 4.10 பஸ்ஸுக்கும் நடுவில் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான். பஸ்ஸை விட்டால் பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் பாதி விளக்கத்தில் எழுந்து ஓடுவார்கள்.

போன கல்விக் குழுக் கூட்டத்தில் இதை எழுத்தில் வைத்தேன். ஒரு படிப்புக்கு வாரம் இரண்டு மணி, கால அட்டவணையில், ஆசிரியரின் பணி நேரக் கணக்கோடு என்று கேட்டேன். ஒரு மணி கிடைத்திருக்கிறது. வியாழன் கடைசி மணி, இரண்டாவது ஆய்வகம். இன்னொரு மணியையும் தருவதற்கு, எந்தெந்த வாரத்தில் எத்தனை பேர் பாடத்தில் எங்கே தடுக்கி நின்றார்கள் என்ற பதிவேட்டைக் கேட்டிருக்கிறார்கள். முதல் வாரத்திலிருந்தே எழுதி வருகிறேன், அடுத்த கூட்டத்தில் கொடுத்துவிடுவேன்.